எஞ்சின் அறைக்காக நான் செய்த ஜெபம்

சபையாரே, உங்களில் பலர் என்னைச் "சிங்கப்பூரார்" என்றுதான் கூப்பிடுகிறீர்கள். என் பெயர் சாமுவேல். பிறந்ததும் வேலை பழகியதும் சிங்கப்பூரில்தான். தகப்பனும் தாயும் இந்த நாட்டிலிருந்து அங்கே போனவர்கள். எழுபதுகளின் தொடக்கத்தில் அந்த நாட்டுக் குடியுரிமை இல்லாத என் போன்றவர்களுக்கு வேலைப் பத்திரம் கிடைப்பது கடினமாகிப்போனது. என்னுடையதைப் புதுப்பித்துத் தரவில்லை. பதினான்கு வருட வேலை ஒரே மாதத்தில் போய்விட்டது. என் மனைவி கிரேஸ் திருகோணமலைப் பிள்ளை, கலியாணத்துக்காகக் கப்பலேறி என்னிடம் வந்தவள். வேறு போக்கிடம் இல்லாமல் அவளுடைய அண்ணன் வீட்டை நம்பி, இரண்டு பெண்பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு இங்கே வந்து இறங்கினேன். அதற்கு முன் இந்த ஊரை நான் கண்டதே இல்லை.

சிங்கப்பூர்த் துறைமுகத்தில் மீனும் இறைச்சியும் வைக்கிற பெரிய குளிர்க் கிடங்கில் நான் எஞ்சின் பார்த்தவன். ஐஸ் உறைய வைக்கிற எஞ்சின்களில் அமோனியா என்ற வாயு ஓடும். குழாய்க்குள் இருக்கும்வரை பயமில்லை. வெளியே வந்தால் கண்ணையும் நெஞ்சையும் எரித்துவிடும். எஞ்சினின் சத்தத்தைக் கேட்டே எங்கே கோளாறு என்று நான் சொல்லுவேன். எனக்கு மேலே இருந்த வெள்ளைக்காரத் துரை அதை ஒரு கடிதத்தில் எழுதித் தந்திருந்தார். அந்தக் கடிதம் போதும், எந்தத் துறைமுகத்திலும் பிழைத்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

முதலில் வேலை கேட்டு ஏறிய கந்தோரில் ஒருவர் கடிதத்தை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார்.

"இங்கத்தைச் சேர்டிபிக்கற் ஒண்டும் இல்லையோ?"

"இல்லை ஐயா. நான் அங்கைதான் வேலை பழகினனான்."

"நீங்கள் பழகினது எங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

கடிதத்தை மடித்து வாங்கிக்கொண்டு வந்தேன். அடுத்த இடத்திலும் இதே கேள்விதான். இன்னொரு இடத்தில், நான் இங்கே பிறக்காதபடியால் பிறப்பைப் பதிந்த பத்திரம் கொழும்பிலிருந்து வரவேண்டும் என்றார்கள். எழுதிப் போட்டேன், பதில் வரவில்லை. திரும்பவும் எழுதினேன். என் பேச்சிலும் மலாய்ச் சொற்கள் கலந்து வரும். நான் வாய் திறந்தால் சிலர் சிரிப்பை அடக்குவது தெரியும்.

புல்மோட்டையில் மணல் எடுக்கிற இடத்தில் மெக்கானிக் வேலை இருக்கிறது என்று கேள்விப்பட்டு விடிய முதல் பஸ்ஸில் போனேன். ஆள் எடுத்து முடிந்துவிட்டது என்றார்கள். திரும்புகிற பஸ்ஸுக்காக அந்த வெய்யிலில் பல மணித்தியாலம் நின்றேன். கிரேஸ் கட்டித் தந்த ரொட்டியை அவிழ்க்க மனம் வரவில்லை. அதை அப்படியே வீட்டுக்குக் கொண்டுவந்து பிள்ளைகளுக்குக் கொடுத்தேன்.

கடையில் பாண் ரொட்டிக்கு வரிசையில் நின்ற பஞ்ச காலம் அது. மச்சான் வீடு ஓர்ஸ் ஹில் சரிவில் இருந்தது. மச்சானோ மச்சாளோ ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை. ஆனால் என் மூத்த மகள், எட்டு வயதுப் பிள்ளை, சாப்பாட்டு மேசையில் "எனக்குக் காணும்" என்று சொல்லப் பழகிவிட்டாள். யாரும் சொல்லிக்கொடுக்காமல் தானாகவே பழகினாள். அவள் பசியோடுதான் எழும்புகிறாள் என்று எனக்குத் தெரியும். தகப்பன் நான் குனிந்து என் சோற்றுக் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

நாங்கள் வந்த ஐந்தாம் மாதம் உள்துறைமுகக் கரையில் இருந்த ஒரு ஐஸ் பக்டரியில் ஆள் எடுத்தார்கள். எஞ்சினுக்கு அல்ல, ஐஸ் சுமக்க. கடிதத்தை எடுத்து முதலாளியிடம் நீட்டினேன். அவர் அதைக் கையில் வாங்கவே இல்லை.

"எஞ்சினுக்கு எங்களிட்டை ஆள் இருக்கு. கட்டி தூக்க ஏலுமெண்டால் நாளைக்கு வாரும்."

"ஓம் ஐயா, ஏலும்" என்றேன்.

ஈரச் சாக்கைத் தோளில் போட்டு, அதன் மேல் ஐஸ் கட்டியை வைத்து, மீன் லொறிக்கு ஓடவேண்டும். முதல் கிழமையிலேயே தோள் மரத்து, தோல் வெடித்து நீர் வடிந்தது. அது பெரிய வலி இல்லை. ஒவ்வொரு தடவையும் நான் எஞ்சின் அறை வாசலைக் கடந்து ஓடவேண்டும். உள்ளே அந்த எஞ்சின் ஓடுகிற சத்தம் கேட்கும். அதுதான் வலித்தது.

அந்த அறையில் இருந்தவர் செல்லத்துரை அண்ணை. சாம்பல்தீவுக்கு அப்பால் சல்லியில் வீடு. வெள்ளைக்காரனின் கடற்படை இங்கே இருந்த காலத்தில் கப்பல் எஞ்சின்களுக்கு எண்ணெய் விட்டுப் பழகியவர். நல்ல வேலைக்காரர். அறையைத் தன் வீட்டுச் சாமியறை போல வைத்திருப்பார், வேறொருவரை உள்ளே விடமாட்டார். என்னிடம் தேவைக்குமேல் ஒரு வார்த்தை கதைத்ததில்லை.

வேலைக்குப் போகுமுன் விடியற்காலையில் தேவாலயத்தில் பின் வரிசை வாங்கில் இருந்து ஜெபிப்பேன். என்னை அங்கே கண்டவர்கள் உங்களில் இருக்கிறீர்கள். பக்தியுள்ள மனிதன் என்று நினைத்திருப்பீர்கள். நான் என்ன ஜெபித்தேன் என்று இன்று சொல்கிறேன். "ஆண்டவரே, அந்த எஞ்சின் அறையை எனக்குத் தாரும்" என்று ஜெபித்தேன். முதலில் அவ்வளவுதான். பிறகு, "அந்த மனிதனை அங்கிருந்து எடுத்துவிடும்" என்றும் சேர்த்துக்கொண்டேன். எங்கே எடுக்கவேண்டும், எப்படி எடுக்கவேண்டும் என்று சொல்லவில்லை. ஆனால் ஒரு வருடத்துக்கு மேலாக, ஞாயிறு தவிர, ஒவ்வொரு நாளும் அதைக் கேட்டேன்.

ஒருநாள் அறை வாசலில் நிற்கும்போது ஒன்றைக் கண்டேன். அமோனியா நிற்கிற தொட்டியின் அடியில் எண்ணெய் சேரும். அதை இடைக்கிடை திறந்து வடியவிடவேண்டும். அதற்கு இருந்த வால்வு தேய்ந்துபோய், கைபிடி ஆடிக்கொண்டிருந்தது. திறந்தால் திரும்பப் பூட்டாமல் போகக்கூடும். சிங்கப்பூரில் அந்த இடத்தில் இரண்டு வால்வு இருக்கும், ஒன்று கைவிட்டாலும் மற்றது நிற்கும். இங்கே ஒன்றுதான்.

"அண்ணை, அந்த எண்ணெய் வால்வு சரியில்லைப் போலை கிடக்கு. மாத்தவேணும்" என்றேன்.

அவர் திரும்பிப் பார்க்காமலே சொன்னார். "உம்மடை சிங்கப்பூர்க் கதையை இங்கை கொண்டு வராதையும். போய்க் கட்டியைத் தூக்கும்."

பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள்.

சகோதரரே, முதலாளியிடம் நான் போயிருக்கவேண்டும். திரும்பவும் அவரிடமே சொல்லியிருக்கவேண்டும். கையைப் பிடித்துக் கெஞ்சியாவது சொல்லியிருக்கவேண்டும். நான் செய்யவில்லை. சாக்கைத் தோளில் போட்டுக்கொண்டு, "ஒருநாள் அது உடையட்டும், அப்போது தெரியும் நான் யார் என்று" என நினைத்தேன். நினைத்தது மட்டுமல்ல, அது எனக்கு ஒரு ஆறுதலாகவும் இருந்தது. அதற்குப் பிறகு எத்தனையோ தடவை அந்த வாசலைக் கடந்து ஓடினேன். வாய் திறக்கவில்லை.

பெரிய வெள்ளிக்கு முந்திய செவ்வாய்க்கிழமை. காலை பத்து மணி இருக்கும். லொறிகள் வரிசையில் நின்றன. நான் தோளில் கட்டியோடு வெளியே போகும்போது பின்னால் ஒரு சீறல் கேட்டது. திரும்பிப் பார்க்கவே தேவையில்லை, என்ன நடந்தது என்று தெரிந்துவிட்டது. அறை வாசலிலிருந்து வெள்ளைப் புகை தள்ளிக்கொண்டு வந்தது. சனங்கள் இருமிக்கொண்டு கரைப்பக்கம் ஓடினார்கள். "செல்லத்துரை உள்ளை! செல்லத்துரை உள்ளை!" என்று யாரோ கத்தினார்கள்.

ஐஸ் கழுவுகிற தண்ணீர்த் தொட்டிக்குள் இரண்டு சாக்கை முக்கி எடுத்தேன். ஒன்றைத் தலையில் சுற்றி, மற்றதை வாயில் பொத்திக்கொண்டு தரையோடு ஊர்ந்து போனேன். அந்த வாயு தண்ணீரோடு சேரும், ஈரச் சாக்கு கொஞ்ச நேரம் காக்கும். அவர் தொட்டிக்குப் பக்கத்தில் கவிழ்ந்து கிடந்தார். ஒரு கை வால்வைப் பிடித்தபடியே இருந்தது. அந்தக் கையை விடுவிக்கத்தான் நேரம் எடுத்தது. வாசல்வரை இழுத்தேன், வெளியே நின்றவர்கள் தூக்கினார்கள். திரும்பவும் சாக்கை நனைத்துக்கொண்டு உள்ளே போனேன். குறட்டால் பிடித்துத் திருகித் திருகி வால்வைப் பூட்டினேன். பிறகு எனக்கு நினைவில்லை.

ஆஸ்பத்திரியில் கண் விழித்தபோது எல்லாம் இருட்டு. இரண்டு கண்ணும் கட்டப்பட்டிருந்தன. செல்லத்துரை அண்ணை பக்கத்துக் கட்டிலில் கிடந்தார். அவருடைய மூச்சுத்தான் எனக்குக் கேட்டது, தண்ணீருக்குள் ஊதுகிற மாதிரி ஒரு சத்தம். அவருடைய மனைவி பாக்கியம் அக்கா ஓலை விசிறியால் விசிறுவதும் கேட்கும். கிரேஸ் பிள்ளைகளைப் பார்க்க வீட்டுக்குப் போகிற நேரங்களில், அந்த அக்காதான் எனக்கும் தேத்தண்ணி பருக்கினார். "என்ரை மனிசனை வெளியிலை எடுத்த பிள்ளை" என்று சொல்லித் தலையைத் தடவினார். அந்தக் கை தலையில் பட்டபோது நான் பட்ட பாடு ஆண்டவருக்குத்தான் தெரியும்.

இரண்டாம் நாள் அண்ணை கதைத்தார். குரல் என்று சொல்ல முடியாது, காற்று மட்டும்.

"வால்வு பூட்டியாச்சோ?"

"பூட்டியாச்சு அண்ணை."

"சனங்கள்?"

"எல்லாரும் வெளியிலை. ஒருத்தருக்கும் ஒண்டும் இல்லை."

 அன்று முழுக்க நான் ஜெபித்தேன். அந்த அறை எனக்கு வேண்டாம், வேலை வேண்டாம், கண் கூட வேண்டாம், இந்த மனிதனை மட்டும் விட்டுவிடும் என்று கேட்டேன். என் வாழ்க்கையில் அப்படி நான் எதையும் கேட்டதில்லை. மூன்றாம் நாள் விடியும்போது விசிறி நின்றுவிட்டது. பாக்கியம் அக்கா அழுத சத்தத்தை நான் இங்கே சொல்லப்போவதில்லை.

கட்டு அவிழ்த்தபோது வலது கண்ணுக்குத் தெளிவாகத் தெரிந்தது. இடது கண்ணில் வெளிச்சம் மட்டும். இன்றும் அப்படித்தான்.

வீட்டுக்கு வந்து ஒரு கிழமைக்குள் முதலாளி வந்தார். கதிரையில் இருக்காமல் நின்றபடியே சொன்னார்.

"எஞ்சின் நிண்டுபோய்க் கிடக்கு. உமக்கு இவ்வளவு தெரியும் எண்டு எனக்குத் தெரியாது. அண்டைக்கு ஒரு கடிதம் காட்டினீர் என்ன? அதை இப்ப கொண்டு வாரும். வேலை உமக்குத்தான்."

 கிரேஸ் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "அவருக்கு இன்னும் சுகமில்லை ஐயா" என்று சொல்லி அனுப்பிவிட்டாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை தேவாலய வாசலில், நான் வேலைக்காக ஜெபிப்பதையும் முதலாளி வந்துபோனதையும் மட்டும் அறிந்த ஒரு சகோதரர் என் இரண்டு கையையும் பிடித்தார். "பாத்தீரோ, நீர் கேட்டதை ஆண்டவர் தந்திட்டார்" என்றார். அவர் அன்பாகத்தான் சொன்னார்.  நான் கேட்டது கிடைத்தது உண்மை. எப்படிக் கிடைத்தது என்று எனக்கல்லவா தெரியும். ஆண்டவர்தான் என் சொல்லைக் கேட்டு அந்த மனிதனை எடுத்தாரோ? அப்படியென்றால் அவர் எப்படிப்பட்ட ஆண்டவர்? இல்லையென்றால் நான் ஒரு வருடமாக யாரிடம் கேட்டுக்கொண்டிருந்தேன்? என்னால் ஜெபிக்க முடியவில்லை. வாயைத் திறக்கப் பயமாக இருந்தது. சாப்பாடு இறங்கவில்லை. பிள்ளைகள் பக்கத்தில் வந்தாலும் எழும்பிப் போய்விடுவேன்.

கடைசியில் குசினியில் வைத்துக் கிரேஸிடம் எல்லாவற்றையும் சொன்னேன். வால்வைப் பற்றியும் சொன்னேன், ஜெபத்தைப் பற்றியும் சொன்னேன். அவள் அடுப்பைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள். 

"இதை எனக்குச் சொல்லி என்ன வரப்போகுது? அந்த மனிசியிட்டைப் போய்ச் சொல்லுங்கோ" என்றாள்.

சல்லிக்குப் போனேன். பாக்கியம் அக்கா முற்றத்து மணலில் இருந்தார். பக்கத்தில் அவருடைய தம்பி கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் அக்கா எழும்பிக் கதிரை எடுக்கப் போனார். வேண்டாம் என்று மணலில் இருந்தேன்.

"அக்கா, அந்த வால்வு பழுதெண்டு எனக்கு முன்னமே தெரியும். ஒருக்கால் அண்ணையிட்டைச் சொன்னனான். அவர் ஏசினார். அதுக்குப் பிறகு வேணுமெண்டுதான் சொல்லாமல் விட்டனான். அவரின்ரை வேலை எனக்கு வேணும் எண்டு ஒவ்வொரு நாளும் ஜெபம் பண்ணினனான்."

அவர் முகம் மாறியதைப் பார்த்தேன். தம்பி வலையைக் கீழே போட்டார்.

"எழும்பிப் போங்கோ" என்றார் அக்கா. சத்தம் போடவில்லை. "என்ரை கையாலை தேத்தண்ணி குடிச்சனீங்கள். போங்கோ."

எழும்பி வந்தேன். பஸ்ஸுக்கு நிற்காமல் நடந்தே வந்தேன். வழியில், அத்தனை நாளுக்குப் பிறகு, வாய் திறந்தது. "ஆண்டவரே, நான் கொலைகாரன். என்னை என்ன செய்யவேண்டுமோ செய்யும்" என்று மட்டும் சொன்னேன். வேலையைக் கேட்கவில்லை. மன்னிப்பைக் கேட்கவும் தைரியம் வரவில்லை. உண்மையைச் சொன்னேன், அவ்வளவுதான். நான் செய்த உண்மையான ஜெபம் அது ஒன்றுதான் என்று இன்று நினைக்கிறேன்.

நாலாம் நாள் பின்னேரம் பாக்கியம் அக்கா தம்பியைக் கூட்டிக்கொண்டு எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார். உள்ளே வரச் சொன்னோம், வரவில்லை. படியில் நின்றபடியே கதைத்தார்.

"நீங்கள் வந்து சொல்லிப்போட்டுப் போனபிறகு நான் படுக்கேல்லை. உங்களுக்குத் தெரியாத ஒண்டை நான் சொல்லவேணும். நீங்கள் வால்வைப் பற்றிச் சொன்ன அண்டைக்கே என்ரை மனிசன் வீட்டிலை வந்து சொன்னவர். 'சிங்கப்பூரான் சொல்லுறது சரி, நான்தான் அவனிலை பாஞ்சு போட்டன்' எண்டவர். அடுத்த நாளே முதலாளியிட்டை வால்வு கேட்டவர். பிறகும் ரெண்டு மூண்டு தரம் கேட்டவர். மீன் சீசன் முடியட்டும் எண்டு முதலாளி சொல்லிச் சொல்லியே வாங்கிக் குடுக்கேல்லை."

நான் அப்படியே படியில் இருந்துவிட்டேன்.

"அக்கா, அப்பிடியெண்டாலும் நான்..."

"பொறுங்கோ. நான் உங்களை மன்னிக்க வரேல்லை. அது எனக்கு ஏலுமோ எண்டு தெரியாது." அவர் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தார். "ஐஸ் இல்லாமல் எங்கடை சனம் அழுகின மீனைக் கரையிலை புதைக்குது. முதலாளி வேறை ஆள் தேடுறாராம். வேலை தெரியாத ஒருத்தன் அந்த அறைக்குள்ளை போனால் அவன்ரை பெண்சாதியும் என்னைப் போலைதான் இருக்கவேணும். நீங்கள் போங்கோ. அந்த வால்வை மாத்திப்போட்டு எஞ்சினைத் தொடுங்கோ. இவர் கேட்டது அதுதான்."

சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தார். தம்பி ஒரு கணம் நின்று என்னைப் பார்த்தார். பிறகு அவரும் போனார்.

அடுத்த நாள் முதலாளியிடம் போனேன். இந்த முறை கடிதத்தைக் கொண்டுபோகவில்லை. "ரெண்டு புது வால்வு வேணும். முகமூடி வேணும். அறைக்குப் பின்னாலை இன்னொரு வாசல் வெட்டவேணும். செல்லத்துரை அண்ணை வால்வு கேட்டு நீங்கள் குடுக்கேல்லை எண்டும் எனக்குத் தெரியும்" என்றேன்.

அவர் முகம் கறுத்தது. "உவ்வளவும் செய்யிறதெண்டால் எப்ப பக்டரி ஓடுறது?"

"செய்யாட்டி நான் எஞ்சினைத் தொடமாட்டன் ஐயா. கட்டி தூக்கத்தான் வருவன்."

மூன்று கிழமை சென்றது. எல்லாம் வந்தது. வாசல் வெட்டினார்கள். நான் அறைக்குள் போன முதல் நாள், சுவரில் ஒரு ஆணியில் அண்ணையின் சேர்ட் தொங்கிக்கொண்டிருந்தது. அதன் பையில் திருநீறு மடித்த கடதாசிச் சரை ஒன்றும் இருந்தது. மடித்துக் கொண்டுபோய் அக்காவிடம் கொடுத்தேன். வாங்கி உள்ளே வைத்தார்.  அதற்குப் பிறகு அவர் எங்கள் வீட்டுக்கு வந்ததில்லை. சல்லிப் பக்கம் போனால் காண்பேன், தலையை அசைப்பார். எனக்கு அது பெரிய கொடை.

சபையாரே, நான் இப்போது எட்டு வருடமாக அந்த அறையில் வேலை செய்கிறேன். பிள்ளைகள் படிக்கிறார்கள். வாடகைக்கென்றாலும் எங்களுக்கென்று ஒரு வீடு இருக்கிறது. இதெல்லாம் ஆண்டவர் தந்தது என்று முழு மனதோடு சொல்கிறேன். ஆனால் செல்லத்துரை அண்ணையை எடுத்து அவர் எனக்கு வேலை தந்தார் என்று யாரும் சொல்லவேண்டாம். அதை நான் நம்பவில்லை. பழுதான வால்வும் ஒரு முதலாளியின் தாமதமும் என் மௌனமும் அந்த மனிதனைக் கொன்றன. ஆண்டவர் செய்தது வேறு. என்னை மன்னிக்க முடியாத ஒரு பெண்ணை என் படிக்கட்டுக்கு அனுப்பினார். அந்த அக்கா வந்திராவிட்டால், அந்தப் பக்டரியின் முன்னாலுள்ள கடலில் நான் என்னை முடித்திருப்பேன். நான் ஜெபித்ததற்கு வந்த பதில் அந்த அக்கா நடந்து வந்த நடைதான்.

உங்களுக்குள் வேலை இல்லாதவர்கள் இருக்கிறீர்கள். வெளியூரிலிருந்து, வெளிநாட்டிலிருந்து வந்து, கையில் இருக்கிற பத்திரத்தை ஒருவரும் பார்க்காமல் திரும்பியவர்கள் இருக்கிறீர்கள். ஆண்டவரிடம் வேலை கேளுங்கள். வெட்கப்படாமல் கேளுங்கள், அவர் கேட்கிறார். ஆனால் நீங்கள் கேட்கிற கதிரையில் இப்போது ஒருவர் இருந்தால், முதலில் அவருடைய பெயரைச் சொல்லி அவருக்காக ஜெபியுங்கள். அவரிடம் சொல்லவேண்டிய வார்த்தை ஏதும் உங்களிடம் இருந்தால், ஆலயத்தை விட்டு எழும்பி, இன்றைக்கே போய்ச் சொல்லுங்கள்.